பத்து லட்சத்தில் ஒரு பையன்: கையெழுத்துப் போடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா பையனுக்கு 11 வயது. முழங்கை, விரல் முட்டி, குதிகாலுக்கு மேல் என்று பல இடங்களில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டிகள். தோல் வியாதி என்று இரண்டு வருஷம் களிம்பு தடவியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கொலஸ்ட்ரால் 700க்கு மேல். பிறவியிலேயே வருகிற கொழுப்புக் கோளாறு, பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பையன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களாம். இப்போது போட்டோ எடுத்து மருத்துவப் பத்திரிகையில் எழுத அனுமதி கேட்டு ஒரு படிவமும் கொடுத்திருக்கிறார்கள். "பிள்ளையைப் பொருட்காட்சி ஆக்கிட்டாங்கன்னு எங்க அம்மா அழுவுறாங்க. ஒருத்தன் கேஸை வெச்சு என்ன ஆராய்ச்சி பண்ண முடியும்? எங்க பையனுக்கு இதுல என்ன லாபம்? கையெழுத்துப் போடலாமா?" இதுதான் கேள்வி.

வடசென்னை அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவில் முப்பது வருஷம் ஓடியவன் நான். அந்தப் படிவத்தை நீட்டுகிறவர்கள் பக்கம் நின்றவன். என் பேச்சில் அந்தச் சாய்வு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

கையெழுத்துப் போடலாம். ஆனால் இன்றைக்கே வேண்டாம். அதற்கு முன்னால் உங்கள் குடும்பம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த "என்ன ஆராய்ச்சி" என்ற கேள்வி.

உங்கள் தெருவில் ஐம்பது வயது தாண்டிய நாலு பேர் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒன்றிலாவது அடோர்வாஸ்டாடின் என்று எழுதியிருக்கும். மாரடைப்பைத் தடுக்கக் கொடுக்கும் மாத்திரை. அது உருவான கதையில் உங்கள் பையனைப் போன்ற குழந்தைகள்தான் நடு இடத்தில் இருக்கிறார்கள்.

1968ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் இருந்தார்கள். அங்கே ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு குழந்தைகள் சிகிச்சைக்கு வந்தார்கள். வயது 6, 8. பெரியவர்களுக்கு வருகிற மாரடைப்பு இந்தக் குழந்தைகளுக்கு. சாப்பாட்டைக் குற்றம் சொல்ல வழியில்லை, ஆறு வயதுக் குழந்தை எவ்வளவு கொழுப்பைத் தின்றிருக்க முடியும்? அப்போது எல்லோரும் நோயாளியின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் உடம்பின் செல்லுக்குள் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்டார்கள். அங்கேயே டாலஸ் என்ற நகரத்துக்குப் போய், இப்படிப்பட்ட நோயாளிகளின் தோலில் மிளகளவு துண்டு எடுத்து, அந்தச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். 1973, 74ல் விடை கிடைத்தது.

காசிமேட்டு வழியில் சொல்கிறேன். விசைப்படகு நிறைய மீனோடு வந்து நிற்கிறது, இறக்க ஆளில்லை. கரையில் இருப்பவர்களுக்கு மீன் வந்து சேரவில்லை. வரத்து இல்லை போல என்று நினைத்து இன்னும் படகை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். துறைமுகம் முழுக்கப் படகு, கரையில் பஞ்சம். ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்க ஒவ்வொரு செல்லின் மேலும் ஏற்பிகள் உண்டு. அவைதான் இறக்குகிற ஆட்கள். இந்தக் குழந்தைகளுக்கு அவை இல்லை, அல்லது வேலை செய்வதில்லை. உள்ளே வராததால் செல் தானே கொழுப்பைத் தயாரிக்கிறது, வெளியே ரத்தத்தில் தேங்கியது தோலிலும் தசைநாணிலும் ரத்தக் குழாயிலும் படிகிறது. உங்கள் பையன் முட்டியில் இருக்கும் மஞ்சள் கட்டி அதுதான். சாந்தோமா என்பார்கள். களிம்பில் கரையாததற்குக் காரணமும் அதுதான். இந்தக் கண்டுபிடிப்புக்கு 1985ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அதே காலத்தில் ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் ஒரு பொருளை எடுத்திருந்தார். ஸ்டாடின் வகையில் முதல் பொருள் அது. 1978ல் ஒசாகாவில் உங்கள் பையனுக்கு இருக்கும் அதே நோயோடு இருந்த ஒரு 18 வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தார்கள். கொழுப்பு கொஞ்சம்தான் இறங்கியது, தசை சோர்ந்துபோனது. நிறுத்த வேண்டி வந்தது. ஏற்பி ஒரு பாதி கெட்ட, இந்த நோயின் லேசான வகை இருந்தவர்களுக்கோ நன்றாக வேலை செய்தது. ஏன் இந்த வித்தியாசம்? மருந்து, செல்லின் உள் உற்பத்தியைக் குறைத்து, இன்னும் நிறைய ஏற்பிகளை வெளியே வைக்கச் சொல்லித் தூண்டுகிறது. வைக்க ஏற்பியே இல்லாதவரிடம் எதைத் தூண்டுவது? மருந்து பெரிதாகப் பலிக்காமல் போனதே அது எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவளுக்குக் கிடைத்தது தசை வலி, உலகத்துக்குக் கிடைத்தது மாத்திரை. உங்கள் அம்மாவின் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லாததற்கு அவளும் ஒரு காரணம்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டு குழந்தைகளையோ ஒசாகாப் பெண்ணையோ மட்டும் வைத்து யாரும் ஊருக்கே மாத்திரை எழுதவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டாடின், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுத்து, ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். 1994ல் முடிவு வந்தது. ஸ்டாடின் சாப்பிட்டவர்களில் இறப்பு 30 சதவீதம் குறைவு. அரிய கேஸ் கேள்வியைக் காட்டிக் கொடுக்கும், விடைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் உண்டு.

டெங்கு சமயத்தில் பப்பாளி இலைச் சாறு ஞாபகம் இருக்கிறதா? "எங்க பெரியப்பா குடிச்சார், மறுநாளே பிளேட்லெட் ஏறிச்சு" என்று வண்ணாரப்பேட்டையில் எனக்கே பாடம் எடுத்தவர்கள் உண்டு. காய்ச்சல் விட்ட ஓரிரு நாளில் பிளேட்லெட் தானாக ஏறும். அந்த நேரத்தில் இளநீர் குடித்தவருக்கும் ஏறும், ரோஸ்மில்க் குடித்தவருக்கும் ஏறும். தானாகக் குணமாகிற நோயில் ஒரு ஆளின் கதை எதையும் நிரூபிக்காது.

சரி, அப்படியானால் எப்போது ஒரு ஆளின் கதைக்கு மதிப்பு? ஒரு பழைய துணி மூட்டையிலிருந்து சொல்கிறேன்.

நான் புதுசாக ஓபியில் உட்கார்ந்த காலம். ஒரு பாட்டி பிளாஸ்டிக் பையில் கைக்குழந்தையின் இடுப்புத் துணிகளைக் கொண்டுவந்து மேஜை மேல் கொட்டினார். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்தவை. எல்லாவற்றிலும் பழுப்பும் கறுப்புமாகக் கறை. "சவுக்காரம் போட்டா போகணும்ல டாக்டரே? போடப் போட கறுக்குது" என்றார். போர் தண்ணியில் இரும்பு இருக்கும், வேறு தண்ணீரில் துவையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெளியே நூறு பேர் நிற்கிறார்கள், எனக்கு அவசரம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். "கேன் தண்ணி வாங்கித் துவைச்சேன். அப்பவும் கறுக்குது. பெரியவ துணியில வரல, இவன் துணியில மட்டும் வருது." அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன். குழந்தையின் சிறுநீரை ஒரு சோதனைக் குழாயில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்தோம். காலையில் சாதாரண நிறம். சாயங்காலம் பார்த்தால், மேலிருந்து கீழாக டிகாஷன் இறங்கியதுபோல் கறுத்திருந்தது.

அல்காப்டனூரியா. புரதத்தில் உள்ள டைரோசினை உடைக்கும் வேலையில் ஒரு நொதி இல்லாததால், ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் தேங்கிச் சிறுநீரில் வெளியேறும். காற்று பட்டால் கறுக்கும். காரம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். சவுக்காரம் காரம்தானே! கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுக்கிறவர்களுக்காக உண்டான வண்ணாரப்பேட்டையில், துவைத்தால் அழுக்காகிற துணியைக் கண்டுபிடித்தது ஒரு பாட்டிதான். நான் இல்லை.

இந்த நோயை வைத்துத்தான் 1902ல் லண்டன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் காரட், பிறவியிலேயே வேதிவினை பிசகும் நோய்கள் உண்டு என்ற கருத்தை முன்வைத்தார். அதுவரை குடலில் ஏதோ கிருமி என்றுதான் நினைத்திருந்தார்கள். ஏற்கெனவே இந்த நோய் இருந்த ஒரு குடும்பத்தில் அடுத்த குழந்தை பிறக்கப்போவது தெரிந்து, பிறந்த நிமிடத்திலிருந்து இடுப்புத் துணியைக் கவனிக்கச் சொல்லி நர்ஸிடம் ஏற்பாடு செய்தார். மூன்றாம் நாளே கறை. கிருமி பிடித்து வளரக் காலம் போதாது, இது கூடவே பிறந்தது. அப்புறம் இன்னொன்றையும் பார்த்தார். இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் பலர் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மெண்டலின் மரபு விதிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த நேரம் அது. மனிதர்களிடம் அந்த விதி பொருந்துவதற்கு முதல் உதாரணமாக இந்தக் கறை படிந்த துணிகள் அமைந்தன.

ஒரு கேஸுக்கு மதிப்பு வருவது இப்படித்தான். விசித்திரமாக இருப்பது பெரிதில்லை. அதுவரை இருந்த விளக்கத்தோடு ஒத்துப்போக மறுத்து, வேறு விளக்கம் தேட வைக்க வேண்டும். இந்த நோய்க்கு மருந்து வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நிடிசினோன் என்ற மருந்து களைக்கொல்லி ஆராய்ச்சியிலிருந்து வந்தது. பாட்டில் பிரஷ் செடிக்கு அடியில் வேறு செடிகள் சரியாக வளராததை ஒருவர் கவனித்ததில் தொடங்கிய ஆராய்ச்சி. அல்காப்டனூரியாவில் அது பலிக்கிறதா என்று பார்க்கப் பல நாட்டு நோயாளிகளைத் திரட்டியும் 138 பேர்தான் கிடைத்தார்கள், நாலு வருஷம் ஓடியது. 2020ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அந்த 138 பேரைத் தேடிப் பிடிக்க முடிந்ததே, முன்னால் எங்கெங்கோ இருந்த டாக்டர்கள் ஒவ்வொரு கேஸாக எழுதி வைத்ததால்தான்.

நம் ஊரில் இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. "அரிது" என்பது எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த அல்காப்டனூரியா தமிழ்நாட்டு நரிக்குறவர் சமூகத்தில் பல குடும்பங்களில் ஒரே மரபணு மாற்றத்தால் வருவதாக 2014ல் ஒரு ஆய்வு வந்தது. பழைய கொத்தவால் சாவடி கன்னிகா பரமேஸ்வரி கோயில் பக்கம் போனால் ஆரிய வைசியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர்கள் 'ஸ்கோலின்' என்று சொல்லும் ஊசி, தசையைத் தளர்த்தக் கொடுப்பது, பத்து நிமிடத்துக்குள் தானாக உடைந்துபோய்விடும். அதை உடைக்கும் நொதி இந்தச் சமூகத்தில் சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசை அசையாது. செயற்கை சுவாசத்தில் வைத்து, தூங்க வைத்துக் காத்திருந்தால் முழுசாகச் சரியாகிவிடும். தெரியாவிட்டால்தான் ஆபத்து. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால், "உங்க வீட்டில யாருக்காவது மயக்க மருந்து தெளிய ரொம்ப நேரம் ஆச்சா?" என்று கேட்கிறார்கள். அலட்சியமாக "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட சாதியை ஒதுக்கிச் சொல்வதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். காலங்காலமாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் எந்தக் கூட்டத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 2017ல் எழுதிய கட்டுரையில் தெற்காசியாவின் பல சமூகங்களுக்கு இது பொருந்தும் என்று காட்டியிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது தெரியுமா? மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். சின்ன வயதிலேயே கை கால் மெலியும், முகத்திலும் தொண்டையிலும் தசை பலவீனமாகும், கூடவே காது மந்தமாகும். 1970ல் இங்கிருந்த மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் இந்த நோயாளிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து, வெள்ளைக்காரன் புத்தகத்தில் உள்ள நோய் மாதிரி இது இல்லையே என்று எழுதினார்கள். இதைப்போலவே காதும் தொண்டையும் பாதிக்கும் இன்னொரு அரிய நோயில், ரிபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமினை உள்ளே கொண்டுபோகும் மரபணு கெட்டிருப்பது 2010ல் தெரிந்தது. அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெரிய அளவில் பி2 கொடுத்தால் நிலைமை தேறுகிறது. மருந்துக்கடையில் சல்லிசாகக் கிடைக்கிற மஞ்சள் வைட்டமின்!

இனி உங்கள் படிவம்.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் அசட்டை செய்யமாட்டேன். ஏழைகள் படுத்திருக்கும் வார்டில்தான் மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள், பணம் கட்டுகிறவர் அறைக்குள் பத்து பேர் நுழைய முடியாது. இதே நகரத்து ஏழைகளை வைத்து 1956ல் தொடங்கிய காசநோய் ஆய்வு, சானடோரியத்தில் அடைபடாமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று காட்டி உலகத்தையே மாற்றியது, அந்த லாபம் ஏழைகளுக்கே திரும்பி வந்தது என்பதும் உண்மை. எப்போதும் அப்படித் திரும்பி வரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

கேஸ் எழுதுவதற்கான சம்மதமும் சிகிச்சைக்கான சம்மதமும் வேறு வேறு. எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் பையனுக்குக் கிடைக்கும் மருந்தில் ஒரு மாத்திரைகூடக் குறையக்கூடாது. படிவம் தமிழில் இருக்க வேண்டும், படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை ஆராய்ச்சியில் சேரும் குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறது: 7 வயதுக்கு மேல் பிள்ளையின் வாய்மொழி இசைவும் வேண்டும், 12க்கு மேல் எழுத்திலேயே வேண்டும். உங்கள் பையனுக்கு 11. "உன் கையைப் படம் எடுக்கலாமா?" என்று இதுவரை அவனை யாராவது கேட்டார்களா? இல்லையென்றால் அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அவன் முடியாது என்றால் முடியாதுதான்.

முகம் வேண்டவே வேண்டாம். கட்டி இருப்பது முழங்கையிலும் விரலிலும் குதிகாலிலும்தானே. கண் மேல் கறுப்புப் பட்டை போட்டுவிடுகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டை போட்டாலும் தெரிந்தவர்களுக்கு ஆள் தெரியும், நல்ல பத்திரிகைகளே அதை ஏற்பதில்லை. படத்தைவிட எழுத்து காட்டிக் கொடுக்கும். "காசிமேட்டு மீனவக் குடும்பத்தின் 11 வயதுச் சிறுவன், தாய்மாமனை மணந்த தாய்" என்பதுபோல எழுதினால் பெயர் இல்லாமலே உங்கள் தெருவுக்குத் தெரிந்துவிடும். "வடசென்னை" என்பதற்குக்கூட அவசியமில்லை. எழுதியதை அனுப்பும் முன் உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும்வரை மனம் மாறலாம், அப்புறம் திரும்ப வாங்க முடியாது. இன்னொன்று, மாணவர்கள் சொந்த போனில் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. என் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இப்போது வாட்ஸாப்பில் ஒரு தடவை போனது போனதுதான். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தத்தைச் சேமித்து வைப்பதென்றால் அதற்குத் தனிச் சம்மதம். புது மருந்துச் சோதனை என்று எப்போதாவது சொன்னால் அது வேறு விஷயம், அதற்குப் பதிவு, நெறிமுறைக் குழு, பாதிப்பு வந்தால் இழப்பீடு எல்லாம் 2019 விதிகளில் இருக்கிறது. அதை இதோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கவிடாதீர்கள்.

இப்போது அந்த வேலை. பையனுக்கு இந்த நோய் இவ்வளவு கடுமையாக வர, கெட்ட மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்க வேண்டும். அதாவது உங்கள் அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் ஒவ்வொன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றை வகை ஒன்றும் அரிதில்லை. 250 பேரில் ஒருவருக்கு இருக்கும். பையனுடைய கடுமையான வகை பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்று சொன்னதும் பழைய கணக்கு, இப்போது சுமார் மூன்று லட்சத்தில் ஒருவர் என்கிறார்கள். வெளியில் ஒன்றும் தெரியாது, நாற்பது வயதுவாக்கில் மாரடைப்பாக வந்து நிற்கும். அவர்கள் சொந்தத்தில் கட்டியவர்களாக இருந்தால், அதனால்தான் இப்படி ஆனது என்று யாரும் அக்காவைக் குத்திக் காட்ட வேண்டாம். அந்த மரபணுவை அவர் கடையில் வாங்கிக்கொண்டு வரவில்லை.

பையனுக்கு இதயத்தில் எக்கோ எடுத்தார்களா, மகாதமனி வால்வைப் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டாடின் மட்டும் அவனுக்குப் போதாமல் போகலாம். எஸெடிமிப் என்ற மாத்திரை, ரத்தத்திலிருந்து கொழுப்பை வடிகட்டும் முறை, சிலருக்குக் கல்லீரல் மாற்று என்று அடுத்தடுத்து வழிகள் உண்டு. புது ஊசிகளும் வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, நேர் எதிரான அரிய மனிதர்களிடமிருந்து கிடைத்தது. டாலஸில் எல்.டி.எல். வெறும் 14 இருந்தும் திடகாத்திரமாக இருந்த ஒரு பெண்ணைப் பற்றி 2006ல் எழுதினார்கள். பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் அவர் உடம்பில் இல்லை. அதை மருந்தால் தடுத்தால் என்ன என்ற யோசனைக்கு அவர் தெம்பு கொடுத்தார், 2015ல் ஊசி வந்துவிட்டது. அந்த ஊசிக்கும் ஏற்பி கொஞ்சமாவது இருக்க வேண்டும், உங்கள் பையனுக்குப் பொருந்துமா என்பதை அவன் டாக்டர்தான் சொல்ல முடியும்.

நாளைக் காலை அக்காவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போய் கொழுப்பு அளவு பார்க்கும் லிப்பிட் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வையுங்கள். வெறும் வயிற்றில் போனால் நல்லது, டீ குடித்துவிட்டார்கள் என்றால் அதற்காகத் திரும்ப வேண்டாம், எல்.டி.எல். தெரிந்துவிடும். பையனுக்குத் தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களையும். அப்புறம், நீங்களும் அந்த அக்காவின் கூடப்பிறந்தவர்தானே? வரிசையில் நீங்களும் நில்லுங்கள்.